‘கொமெற்’ விமானம் கற்பித்த பாடம்



1954 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 10 ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை. இத்தாலியின் தலைநகராகிய உரோமாபுரிக்கு அண்மையிலுள்ள சாம்பினோ விமான நிலையத்திலிருந்து காலை 10 மணி 31 நிமிடமளவில் ஒரு பயணிகள் விமானம் இலண்டனை நோக்கி மேலெழுந்தது. அதற்குச் சிறிது நேரம் முன்னதாக அதே நிலையத்திலிருந்து புறப்பட்ட இன்னொரு விமானமும் அதே திசையிற் போய்க்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே நிறுவனத்தின் விமானங்கள். ஆகவே விமானிகள் இருவரும் வானொலி வழியாகத் தமக்குள் பேசிக்கொண்டார்கள். பின்னால் எழுந்த விமானத்தின் தலைமை விமானி அலன் கிப்சன், முன்னே சென்றவரை அழைத்து ஏதோ கேட்கத் தொடங்கினார். வாக்கியம் பாதியில் நின்றது. அதன்பின் அந்தக் குரல் கேட்கவேயில்லை.

விமானம் நிலத்தை விட்டு எழுந்து அப்பொழுது இருபது நிமிடங்களே ஆகியிருந்தன. அதில் இருந்தோர் 35 பேர். பயணிகள் 29, பணியாளர் 6. அவருள் ஒருவரும் பிழைக்கவில்லை. சிறுவர் சிறுமியரும் அவர்களுள் இருந்தனர். இரண்டாம் உலகப் போர்க்களங்களிலிருந்து வானொலிச் செய்தி அனுப்பிப் புகழ்பெற்ற அவுஸ்திரேலியரான செஸ்டர் வில்மொற்றும் அவ்விமானத்திலேயே உயிர் நீத்தார்.

நான் கலைத்துறையிற் பட்டம் பெற்றவன். பள்ளிக்கூடத்தில் சரித்திரமும் பூமிசாத்திரமும் கற்பித்து, இப்பொழுது அதிபராகக் கடமையாற்றுபவன். பொறியியலிலே தேர்ச்சி உடையவன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. ஆயினும் இந்த விமானத்தின் கதையைப் பல முறை படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அது என் தொழிலைப் பற்றியே என்னிடம் ஏதோ கேட்பதுபோலத் தோன்றுகின்றது. ‘சோதித்துப் பார்த்தோம், சரியாக இருக்கிறது’ என்று நாம் சொல்லும்போது, உண்மையில் எதைச் சோதித்தோம் என்பதே அந்தக் கேள்வி. அதனை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் விமானத்தை அறிந்துகொள்வோம். அதன் பெயர் ‘கொமெற்’. வால்வெள்ளி என்பது அச்சொல்லின் பொருள். இங்கிலாந்தின் டீ ஹவிலண்ட் நிறுவனத்தார் அமைத்த அந்த விமானம் 1949 யூலை 27 ஆந் திகதி முதன்முறையாகப் பறந்தது. பயணிகளை ஏற்றிச் சென்ற உலகின் முதலாவது ஜெட் விமானசேவை அதனாலேயே தொடங்கிற்று. 1952 மே மாதம் 2 ஆந் திகதி இலண்டனிலிருந்து தென்னாபிரிக்காவின் ஜொகன்னஸ்பேர்க் நகருக்கு முதற் பயணம் நடைபெற்றது. அன்று பறந்த விமானத்தை, அதன் பதிவெழுத்துக்களில் ஈற்றிலுள்ள இரண்டையும் கொண்டு, ‘யோக் பீற்றர்’ என்று அழைப்பார்கள். அந்த முதற் பயணத்தின் யோக் பீற்றரே ஒன்றரை ஆண்டுகளுக்கு மேலான காலத்தின் பின்னர் இத்தாலிக் கடலில் வீழ்ந்தது.

கொமெற் நம் நாட்டுக்கும் அந்நியமானதன்று. 1952 ஓகஸ்ட் மாதத்தில் இலண்டனுக்கும் கொழும்புக்கும் இடையே அதன் சேவை ஆரம்பமாயிற்று. சுழல்விசிறி விமானங்களில் நாட்கணக்கில் அதிர்ந்து குலுங்கிப் பயணஞ் செய்தவர்களுக்கு, முகிற்கூட்டங்களுக்கு மேலே ஓசையும் ஆட்டமும் குன்றிய அந்தப் பயணம் பெரும் புதுமையாக இருந்தது. போர் முடிந்து சில ஆண்டுகளே ஆன பிரித்தானியாவுக்கு அது தொழிற்றிறனின் சின்னமுமாயிற்று.

ஆனால் அந்த உயரத்துக்கு ஒரு விலை உண்டு. 40,000 அடி உயரத்தில் மனிதன் சுவாசிக்கப் போதிய காற்று இல்லை. ஆகையால் விமானத்தின் உள்ளே காற்றை அடைத்து, 8,000 அடி உயரமுள்ள ஒரு மலையில் இருப்பது போன்ற நிலையைப் பேணவேண்டும். உள்ளே அமுக்கம் மிகுதி, வெளியே குறைவு. அதனால் விமானத்தின் சுவரை ஒவ்வொரு சதுர அங்குலத்திலும் 8¼ இறாத்தல் விசை வெளிப்புறமாகத் தள்ளிக்கொண்டிருக்கும். அதற்கு முந்திய பயணிகள் விமானங்கள் இவ்வளவு அமுக்கத்தைத் தாங்கவேண்டியிருந்ததில்லை. விமானம் ஏறும்போது அதன் உடல் சிறிது உப்பும். இறங்கும்போது பழையபடி சுருங்கும். ஒவ்வொரு பயணமும் அந்த மெல்லிய அலுமினியத் தகட்டுக்கு ஒரு மூச்சு வாங்கி விடுவது போலாகும்.

சேவை தொடங்கிய முதலாண்டு நிறைவு நாளிலேயே ஒரு துயரம் நேர்ந்தது. 1953 மே 2 ஆந் திகதி, கல்கத்தாவின் டம்டம் நிலையத்திலிருந்து எழுந்த கொமெற் ஒன்று ஆறு நிமிடங்களில் இடிபுயலிற் சிக்கிச் சிதைந்து வீழ்ந்தது. அதிலிருந்த 43 பேரும் மாண்டனர். புயற்காற்றின் தாக்கத்தால் விமானத்தின் அமைப்பு முறிந்தது என விசாரணையில் முடிவாயிற்று. கண்முன்னே புயல் இருந்தது. ஆகவே அந்த முடிவு எவருக்கும் வியப்பளிக்கவில்லை.

ஆனால் 1954 ஜனவரியில், எல்பாத் தீவுக்குத் தெற்கே, குறை கூறுவதற்குப் புயல் எதுவும் இருக்கவில்லை. கடலில் வலை வீசிக்கொண்டிருந்த மீனவர்கள் மேலே வெடியோசை கேட்டு நிமிர்ந்து பார்த்தனர். முகில்களுக்குள்ளிருந்து விமானத்தின் துண்டுகள் எரிந்துகொண்டு கடலில் வீழ்ந்தன. அம்மீனவர்களும் பிறரும் படகு செலுத்திச் சென்று மீட்டவை பதினைந்து உடல்கள். ஏனையோரைக் கடல் தன்னுள் வைத்துக்கொண்டது.

விமான நிறுவனம் தன் கொமெற் விமானங்கள் யாவற்றையும் உடனே நிறுத்திற்று. நிபுணர் குழு ஒன்று கூடி, எவையெவை காரணமாகலாம் என ஆராய்ந்தது. இறக்கையில் ஏற்படும் நடுக்கமா, திருப்புங் கருவிகளின் கோளாறா, இறக்கையின் உலோகம் தளர்ந்ததா, யன்னலொன்று பெயர்ந்ததா, எஞ்சினில் தீப்பற்றியதா என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார்கள். தீயே பெரும்பாலும் காரணமாகலாம் என்று கருதி, எஞ்சின்களைச் சூழப் பாதுகாப்புகளை அமைத்தார்கள். தாம் நினைத்துப் பார்க்கக்கூடிய ஐயங்கள் அனைத்துக்கும் பரிகாரம் செய்தார்கள். பின்னர், மார்ச் 23 ஆந் திகதி, கொமெற் மறுபடியும் பறக்கலாயிற்று.

நேயர்களே, இவ்விடத்திற் சற்று நின்று சிந்திக்கவேண்டும். அந்த நிபுணர்கள் அசட்டையானவர்களல்லர். இரவு பகலாக உழைத்தவர்கள். ஆனால் விமானம் ஏன் வீழ்ந்தது என்பதை அவர்கள் கண்டறியவில்லை. ஏன் வீழ்ந்திருக்கலாம் என்று எண்ணினார்களோ அவற்றை மட்டுமே திருத்தினார்கள். நோய் இன்னதென்று அறியாத வைத்தியர், அறிந்த மருந்துகளையெல்லாம் ஒருங்கே கொடுத்து, ‘இனிப் பயமில்லை’ என்று நோயாளியை வீட்டுக்கு அனுப்பியது போன்றது அது.

பதினாறு நாட்கள் கழிந்தன. ஏப்ரல் 8 ஆந் திகதி மாலை, அதே சாம்பினோ நிலையத்திலிருந்து கெய்ரோ நகரை நோக்கி மற்றொரு கொமெற் எழுந்தது. அது தென்னாபிரிக்க விமானசேவைக்காகப் பறந்த ‘யோக் யோக்’ என்னும் விமானம். ஏறத்தாழ 35 நிமிடங்களில், நேப்பிள்சுக்கு அப்பால், அதன் குரலும் அடங்கிற்று. 21 பேர் மாண்டனர். இந்த 21 பேரையும் நான் மறக்க முயன்றதில்லை. முதல் விபத்தில் இறந்தவர்கள் எவரும் அறியாத ஓர் ஆபத்துக்குப் பலியானவர்கள். இவர்களோ, ஓர் ஆபத்து உண்டென்று தெரிந்த பின்னரும், அது நீங்கிவிட்டதென்று பிறர் நம்பிய நம்பிக்கைக்குப் பலியானவர்கள்.

ஏப்ரல் 12 ஆந் திகதி கொமெற் பறப்பதற்கான அனுமதிப் பத்திரமே இரத்துச் செய்யப்பட்டது. இம்முறை ஊகத்துக்கு இடங்கொடுப்பதில்லை என்று முடிவு செய்தார்கள். பிரதமர் வின்ஸ்ரன் சேர்ச்சில் கடலின் அடியில் கிடந்த சிதைவுகளைத் தேடும் பணியைக் கடற்படையிடம் ஒப்படைத்தார். பாண்பரோ என்னும் இடத்திலிருந்த அரச விமான ஆராய்ச்சி நிலையம், ஆர்னல்ட் ஹோல் என்பவரின் தலைமையில், காரணத்தைக் கண்டறியும் பொறுப்பை ஏற்றது.

விசாரணை மூன்று வழிகளிற் சென்றது. முதலாவது வழி பீசா நகரத்து மருத்துவ மன்றத்தில் தொடங்கிற்று. மீனவர் கொண்டுவந்த உடல்களைப் பரிசோதித்த வைத்திய நிபுணர் அந்தோனியோ போர்னாரி, அவற்றின் நுரையீரல்கள் சிதைந்திருப்பதையும் மண்டையோடுகள் உடைந்திருப்பதையும் கண்டார். தீயினாலோ கடலில் மூழ்கியதாலோ நேர்ந்த மரணங்களல்ல அவை. உள்ளிருந்த காற்று ஒரு நொடியில் வெளியேறியமையால், விமானத்தின் உள்ளே இருந்தவர்கள் கூரையிலும் இருக்கைகளிலும் வீசியெறியப்பட்டிருந்தனர். விமானத்தின் உடலே வெடித்திருக்கவேண்டும் என்பதற்கு முதற் சாட்சி கூறியவர்கள், பேச முடியாத அந்த மாந்தரேயாவர்.

இரண்டாவது வழி கடலில். ஏறத்தாழ 600 அடி ஆழம் வரை சிதைவுகள் பரந்து கிடந்தன. நீருக்கடியில் இறக்கும் தொலைக்காட்சிக் கமராவைக் கொண்டு அவற்றைத் தேடினார்கள். பெரிய இரும்பு நகங்களால் பற்றி மேலே தூக்கினார்கள். கிடைத்த ஒவ்வொரு துண்டும் பாண்பரோவுக்கு அனுப்பப்பட்டது. அங்கே விமானத்தின் உருவில் மரச்சட்டம் ஒன்றை அமைத்து, ஒவ்வொரு துண்டையும் அதற்குரிய இடத்திற் பொருத்திப் பார்த்தார்கள். இடப்புற இறக்கையின் மீது, விமான உடலின் நிறப்பூச்சு உராய்ந்த தடம் காணப்பட்டது. இறக்கை முறிவதற்கு முன்னரே உடலின் சுவர் கிழிந்து அதன்மீது பறந்து சென்றிருக்கிறது என்பது அதனால் விளங்கிற்று. இரண்டாவதாக வீழ்ந்த யோக் யோக் விமானமோ மீட்க இயலாத ஆழத்திற் கிடந்தது. ஆகவே முதல் விமானத்தைக் கொண்டே இரண்டுக்கும் விடை காணவேண்டியிருந்தது.

மூன்றாவது வழியே எல்லாவற்றிலும் வியப்பானது. விமானம் ஒன்றை முழுமையாக நீரில் அமிழ்த்திச் சோதிப்பதென்று தீர்மானித்தார்கள். பல நூறு பயணங்கள் பறந்து தேய்ந்த ‘யோக் அங்கிள்’ என்ற கொமெற்றைக் கொண்டுவந்து, அதனைச் சுற்றி ஒரு பெருந்தொட்டியைக் கட்டினார்கள். இறக்கைகள் மட்டும் தொட்டியின் இரு புறத்தாலும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. தொட்டியையும் விமானத்தின் உட்புறத்தையும் நீரால் நிரப்பினார்கள். பின்னர் உள்ளே மேலும் நீரைச் செலுத்தி, வானத்தில் ஏற்படும் அதே அமுக்கத்தை உண்டாக்கி, அதனைத் தளர்த்தினார்கள். அதே வேளையில் நீரியல் உயர்த்திகள் இறக்கைகளை மேலுங் கீழும் அசைத்தன. பல மணிநேரப் பயணமொன்றின் பாரம் இவ்வாறு சில நிமிடங்களில் அந்த உலோகத்தின் மீது சுமத்தப்பட்டது. இரவும் பகலும் இடைவிடாமல் இது நடந்தது.

காற்றை விடுத்து நீரை ஏன் பயன்படுத்தினார்கள் என்று நீங்கள் கேட்கலாம். அமுக்கி அடைத்த காற்று விடுபட்டால் வெடிகுண்டு போல எல்லாவற்றையும் சிதறடித்துவிடும். முதல் வெடிப்பு எவ்விடத்தில் தோன்றிற்று என்பதை அதன்பின் அறிய முடியாது. நீர் அவ்வாறு சுருங்கி விரிவதன்று. ஒரு பிளவு ஏற்பட்டவுடனே அமுக்கம் இறங்கிவிடும். பிளவு பிளவாகவே நிற்கும். உடைவதைத் தடுப்பதற்கல்ல, உடைந்த இடத்தைக் காப்பாற்றி வைப்பதற்கே நீர்.

1954 யூன் 24 ஆந் திகதி அமுக்கம் திடீரென வீழ்ந்தது. தொட்டியை வடித்துப் பார்த்தபோது, விமானத்தின் பக்கச் சுவரிலே ஒரு நீண்ட கிழிசல் காணப்பட்டது. சுவரில் வெட்டப்பட்ட திறப்பொன்றின் மூலையிலிருந்து அது புறப்பட்டிருந்தது. யோக் அங்கிள் உண்மையிற் பறந்த பயணங்களையும் தொட்டியிற் கண்ட பயணங்களையும் கூட்டினால் ஏறத்தாழ 3,000 ஆயிற்று. கடலில் வீழ்ந்த யோக் பீற்றர் பறந்திருந்தவை 1,290. யோக் யோக் 900.

இதற்குப் பொறியியலார் இட்ட பெயர் உலோகச் சோர்வு. நமது கிணற்றடி வாளியின் காதை நினைத்துக்கொள்ளுங்கள். அது புதிதாக இருக்கையில் விளிம்பு வரை நிறைந்த நீரை எளிதில் தாங்கும். ஆண்டுக்கணக்கில் அள்ளிய பின்னர், ஒரு நாள், அரைவாளி நீருக்கே அறுந்து கிணற்றுள் வீழ்ந்துவிடும். அன்று தூக்கிய பாரம் அதனை அறுக்கவில்லை. முன்னர் தூக்கிய ஆயிரமாயிரம் பாரங்களும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறலைச் சிறிது சிறிதாக வளர்த்துவிட்டன. கொமெற்றிலும் அதுவே நடந்தது. ஒரு தகட்டில் திறப்பு வெட்டினால், அதன் மூலையில் விசை வந்து குவியும். தகட்டின் உடைவலுவில் நூற்றுக்கு 70 வீதம் வரையான விசை அந்த மூலைகளில் ஒவ்வொரு பயணத்தின்போதும் ஏறி இறங்கிற்று. விமானத்தை அமைத்தவர்கள் எதிர்பார்த்த அளவிலும் அது மிகவும் கூடியது.

இனித்தான், நேயர்களே, என்னை இந்தக் கதையோடு கட்டிப்போட்ட செய்தி வருகின்றது.

டீ ஹவிலண்ட் நிறுவனத்தார் இந்த விமானத்தைச் சோதிக்காமல் வானத்துக்கு அனுப்பியவர்களல்லர். விதிகள் கேட்டதிலும் மிகுதியான வலிமையோடு அதனை அமைத்திருந்தார்கள். உடற்பகுதியின் ஒரு துண்டைத் தனியே எடுத்து, மீண்டும் மீண்டும் அமுக்கிப் பார்த்தார்கள். ஏறத்தாழ 16,000 முறை அமுக்கிய பின்னரே அது உடைந்தது. எந்த விமானமும் தன் வாழ்நாளில் அத்தனை பயணம் பறக்கப்போவதில்லை என்று மனநிறைவு கொண்டார்கள். அவ்வாறாயின், சோதனைத் துண்டு 16,000 முறை தாங்கிய பாரத்தை, பறந்த விமானம் 1,290 முறையில் தாங்காமற் போனதேன்?

விடை இதுதான். அந்த 16,000 முறைச் சோதனைக்கு முன்னர், அதே துண்டை வேறொரு சோதனைக்காக இரு மடங்கு அமுக்கம் வரை ஏற்றி இறக்கியிருந்தார்கள். அந்த மிகையான பாரத்தில், திறப்புக்களின் மூலையிலிருந்த உலோகம் சிறிதளவு நிரந்தரமாகவே நீண்டுவிட்டது. பாரம் இறங்கியதும், சூழவிருந்த உலோகம் அதனை நெருக்கிப் பிடித்துக்கொண்டது. அவ்வாறு நெருங்கிய உலோகத்தில் பின்னர் கீறல் விழுவது அரிதாயிற்று. சுருங்கச் சொன்னால், முதற் சோதனையே அந்தத் துண்டை அடுத்த சோதனைக்கு வலுவூட்டிவிட்டது. பயணிகளை ஏற்றிய விமானங்களுக்கு அந்த வலு வாய்க்கவில்லை. சோதித்தது ஒன்று, பறந்தது வேறொன்று. எவரும் பொய் சொல்லவில்லை, எவரும் ஏமாற்ற நினைக்கவில்லை. சோதனையே அவர்களை ஏமாற்றிற்று.

இதனைப் படித்தபோது என் இளமைக்கால அனுபவம் ஒன்று நினைவுக்கு வந்தது. ஆசிரியத் தொழிலில் நுழைந்த புதிதில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் பூமிசாத்திரம் கற்பித்தேன். வகுப்பறைச் சுவரில் ஒரு தேசப்படம் தொங்கிற்று. நாள்தோறும் மாணவரை அழைத்து நகரங்களையும் ஆறுகளையும் தொட்டுக் காட்டச் சொல்வேன். மின்னல் வேகத்திற் காட்டுவார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு நாள் கல்வி அதிகாரி ஒருவர் வந்தார். தாம் கொண்டுவந்த புதிய படமொன்றை விரித்து, அதே இடங்களைக் கேட்டார். வகுப்பிலே முதல் மாணவனும் தடுமாறினான். அவர் சென்ற பின்னர் எங்கள் பழைய படத்தை அருகிற் போய்ப் பார்த்தேன். நான் வழக்கமாகக் கேட்கும் இடங்களிலெல்லாம் விரல்கள் பட்டுப்பட்டுக் கறுத்த புள்ளிகள் இருந்தன. பிள்ளைகள் பூமியைப் படிக்கவில்லை. கறுத்த புள்ளிகளைப் படித்திருக்கிறார்கள். அந்தப் புள்ளிகளை உண்டாக்கியது என்னுடைய சோதனையேயாகும்.

என் தவறினால் சில பிள்ளைகள் ஒரு நாள் வெட்கித்து நின்றார்கள், அவ்வளவே. கொமெற்றில் நேர்ந்த தவறோ மனித உயிர்களைக் கொண்டுபோயிற்று. ஆயினும் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். நாம் சோதிக்கும் பொருளை நம்முடைய சோதனையே மாற்றிவிடக்கூடும். அதனை உணராதவன், தன் கைத்தடத்தைக் கண்டு அதனையே உண்மையென்று எண்ணிக்கொள்கிறான். பாண்பரோவில் நிகழ்ந்த சோதனை இதற்கு நேர்மாறானது. அவர்கள் வசதியான துண்டொன்றைத் தேர்ந்தெடுக்கவில்லை. பயணிகளை ஏற்றி, வெயிலிலும் மழையிலும் பறந்து தேய்ந்த முழு விமானத்தையே எடுத்தார்கள். அது வெற்றி பெறவேண்டும் என்று அவர்கள் விரும்பவில்லை. அது உடையும் வரை காத்திருந்தார்கள்.

தொட்டியிற் கண்டது கடலிலும் நடந்ததா என்பதற்கு உறுதி வேண்டியிருந்தது. ஓகஸ்ட் மாதத்தில் இத்தாலிய மீன்பிடிப் படகொன்றின் வலையில் யோக் பீற்றரின் கூரைத் தகடு ஒன்று சிக்கிற்று. வானொலித் திசைகாட்டியின் ஏரியல்களுக்காகக் கூரையில் வெட்டப்பட்ட இரு சிறு திறப்புக்கள் அதில் இருந்தன. அவற்றுள் ஒன்றன் மூலையில், ஆணித்துளையருகே, சோர்வினால் எழுந்த கீறலின் தெளிவான அடையாளம் காணப்பட்டது. பயணிகள் வெளியே பார்க்கும் சதுர யன்னல்களே யோக் பீற்றரை வீழ்த்தின என்று பலர் சொல்வதுண்டு. உண்மையில் கிழிசல் தொடங்கியது தலைக்கு மேலே, எவர் கண்ணிலும் படாத அந்தச் சிறு திறப்பின் மூலையிலேயாகும்.

1954 ஒக்டோபர் 19 ஆந் திகதி, கோகன் பிரபுவின் தலைமையில் இலண்டனிற் பகிரங்க விசாரணை ஆரம்பமாயிற்று. அதன் அறிக்கை 1955 பெப்ரவரியில் வெளிவந்தது. எவர்மீதும் அது குற்றஞ் சுமத்தவில்லை. அக்காலத்து அறிவின் எல்லைக்குள் அவர்கள் கவனமாகவே நடந்துகொண்டார்கள் என்று கருதிற்று. சிலருக்கு இது மனக்குறையைத் தந்திருக்கலாம். ஆனால் குற்றவாளியைத் தேடும் விசாரணையில் மனிதர் தம்மைக் காக்கவே பேசுவர். காரணத்தைத் தேடும் விசாரணையிலோ, தாம் செய்த பிழையைத் தாமே எடுத்துச் சொல்ல முன்வருவர். சோதனைத் துண்டின் இரகசியம் வெளிவந்ததும் அத்தகைய சூழலிலேதான்.

கண்டறிந்த உண்மையைப் பிரித்தானியர் மறைத்து வைக்கவில்லை. உலகம் முழுவதும் படிக்கும்படி வெளியிட்டார்கள். அதனால் அவர்களுக்கு வாணிப இலாபம் விளைந்ததா என்றால், இல்லை. தடித்த தகடும் மாற்றியமைத்த திறப்புக்களும் கொண்ட புதிய கொமெற் 1958 ஒக்டோபர் 4 ஆந் திகதி அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து முதல் ஜெட் சேவையை நடத்திற்று. ஆனால் அதே மாதம் 26 ஆந் திகதி அமெரிக்காவின் போயிங் 707 சேவைக்கு வந்தது. அதற்குப் பின்னர் சந்தை போயிங்கின் பக்கமே சாய்ந்தது. முன்னே சென்று விழுந்தவன் வழியிலுள்ள பள்ளத்தைச் சுட்டிக்காட்டினான். பின்னே வந்தவன் பள்ளத்தைத் தவிர்த்து முந்திச் சென்றான். அந்தச் சுட்டிக்காட்டலின் பயனை, பிற்காலத்தில் வானத்தில் ஏறிய ஒவ்வொரு பயணியும் அனுபவித்திருக்கிறான். ஒரு பகுதி உடைந்தாலும் முழு விமானமும் அழியாதபடி அமைக்கவேண்டும் என்பதும், சோர்வுச் சோதனைக்கு எடுக்கும் உடலை வேறு சோதனைக்கு உட்படுத்தலாகாது என்பதும், கொமெற்றுக்குப் பின்னரே விமானத் தொழிலில் நன்கு வேரூன்றின.

இன்னும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். கொமெற் விபத்துக்களை ஆராய்ந்தவர்களுள் அவுஸ்திரேலிய விஞ்ஞானி டேவிட் வாறென் என்பவரும் ஒருவர். ஒன்பது வயதுச் சிறுவனாக இருந்தபோது, 1934 இல், தம் தந்தையை விமான விபத்தொன்றில் இழந்தவர். விமானத்தில் இருந்தவர்கள் இறுதியாக என்ன பேசினார்கள் என்பது தெரிந்திருந்தால் எவ்வளவு உதவியாக இருக்கும் என்று அவர் எண்ணினார். விமானிகளின் குரலைப் பதிந்து, விபத்திலும் அழியாது வைத்திருக்கும் ஒரு கருவியைப் பற்றி 1954 இல் எழுதினார். பின்னர் உருக்குக் கம்பியிற் குரல் பதியும் மாதிரிக் கருவியொன்றையும் செய்து காட்டினார். முதலில் அதற்கு ஆதரவு மிகவும் குறைவாகவே இருந்தது. நாளடைவில் அந்த எண்ணமே, நாம் ‘கறுப்புப் பெட்டி’ என்று கூறும் கருவியாக உலகெங்கும் பரவிற்று.

இன்று ஒரு விமானி பேசும் வாக்கியம் பாதியில் நின்றுபோனாலும், அதற்கு முன்னர் அவர் பேசியவை பெரும்பாலும் நமக்குக் கிடைக்கின்றன. அன்று அலன் கிப்சனின் வாக்கியத்தைத் தொடர்ந்து கேட்க எந்தக் கருவியும் இருக்கவில்லை. அதன் மிகுதியை அறிவதற்கு ஒரு வைத்தியரும், மீனவரும், மாலுமிகளும், பொறியியலாரும் பல மாதங்கள் உழைக்கவேண்டியதாயிற்று. பிள்ளைகளைச் சோதிக்கும் ஆசிரியர்களாகிய நாமும், கட்டடத்தையும் பாலத்தையும் வாகனத்தையும் சோதித்துக் கையொப்பமிடுவோரும், ‘எல்லாம் சரி’ என்று எழுதுமுன் ஒரு கணம் அந்தத் தேசப்படத்தின் கறுத்த புள்ளிகளை நினைத்துக்கொள்வது நன்று.